பாடுமீனுக்கு ரொக்கெட்டில் இடம் உண்டா?

வாவிக்கரைக் கேள்வி-பதில்

இந்தமுறை எல்லாம் ஒரே பொருள்: மாணவர்கள் யோசித்து விண்வெளிக்கு அனுப்பிய பரிசோதனைகள். கேள்விகள் அமிர்தகழியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. பதில் சொல்பவரின் விண்வெளி அனுபவம்: கல்முனை பஸ்ஸின் கடைசி ஆசனம்.

தரம் 9 மாணவி, அமிர்தகழி
● பள்ளிக்கூடத்துப் பிள்ளை யோசித்த பரிசோதனை உண்மையாகவே விண்வெளிக்குப் போயிருக்கிறதா? பெரியவர்கள் செய்துவிட்டுப் பிள்ளையின் பெயரைப் போட்டிருப்பார்கள்தானே?

விஞ்ஞானக் கண்காட்சிகளில் அப்பாமார் செய்த எரிமலைகளைப் பார்த்துப் பழகிய சந்தேகம் இது. உங்களில் பிழையில்லை. ஆனால் 1973இல் போனது அசல். அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் பரிசோதனை சொல்லுங்கள் என்று உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 3,409 யோசனைகள் வந்தன. தெரிவானவை 25. அதில் ஒன்று மசசூசெற்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டனைச் சேர்ந்த 17 வயது ஜூடித் மைல்ஸ் கேட்டது: எடையே தெரியாத இடத்தில் சிலந்தி வலை பின்னுமா?

அவ்வளவுதான் கேள்வி. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அரபெல்லா, அனிற்றா என்று இரண்டு சிலந்திகள் ஜூலை 28இல் ரொக்கெட் ஏறின. அரபெல்லா முதலில் கூட்டின் மூலையில் ஒழுங்கில்லாமல் நாலு நூலை இழுத்து விட்டது. சில நாளில் ஊரில் பின்னுவதுபோல் வட்ட வலையே பின்னிவிட்டது.

இல்லத்தரசி, புன்னைச்சோலை
● சிலந்தி எங்கே வலை பின்னினால் எங்களுக்கு என்ன? எங்கள் வீட்டு முகட்டில் நிறைய இருக்கிறது.

தும்புத்தடியை எடுக்குமுன் ஒரு நிமிடம் கேளுங்கள். சிலந்தி தன் உடல் எடையை உணர்ந்துதான் நூலின் தடிப்பைத் தீர்மானிக்கிறது. ஸ்கைலாப்பில் பின்னிய நூல் வீட்டு நூலைவிட மெல்லியது, ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தது. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பூமியில் அதே இனத்துச் சிலந்தி பின்னிய வலையோடு ஒப்பிட்டு. உங்கள் முகட்டில் தொங்குவது ஒட்டடை இல்லை அம்மா, ஒப்பீட்டு வலை.

அதே கேள்வியைப் பிறகும் விடவில்லை. 2011இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு மறுபடி சிலந்திகளை அனுப்பிப் படமெடுத்தார்கள். 2020இல் அந்த ஆய்வு வெளியானது. விளக்கு எரியும்போது சிலந்தி வெளிச்சம் வரும் பக்கத்தை ‘மேல்’ என்று வைத்துக்கொண்டு ஊர் வழக்கப்படி பின்னுகிறதாம். மேல், கீழ் தெரியாவிட்டால் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள் என்று சிலந்திக்கு யாரும் ரியூசன் கொடுக்கவில்லை. ஒரு பள்ளிப் பிள்ளை கேட்ட கேள்விக்கு 47 வருடம் கழித்தும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கடை முதலாளி, சின்ன ஊறணி
● அங்கே சிலந்திக்கு என்ன சாப்பாடு?

போகுமுன் ஒரு ஈ. போனபின் விண்வெளி வீரர் ஓவன் கரியட் தன் பங்கு மாட்டிறைச்சியில் கிள்ளிக் கொடுத்த துண்டு. விருந்தோம்பலுக்குக் குறைவில்லை. ஆனாலும் இரண்டு சிலந்திகளுமே பயணத்துக்குத் தப்பவில்லை. உடம்பில் நீர் வற்றியதே காரணம் என்றார்கள். இப்போது அவை அமெரிக்க நூதனசாலையில்.

தோணிக்காரர், பாலமீன்மடு
● எங்கள் வாவியில் பாடுமீன் இருக்கிறதே, அதை ஏன் ஒருவரும் மேலே அனுப்பவில்லை?

பாடகர் யாரென்றே தெளிவாகத் தெரியாமல் யார் பெயரில் சீட்டு எழுதுவது? 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் தோணியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பாடுவது மீனல்ல, சிப்பி வகையாக இருக்கவேண்டும் என்று எழுதிப்போனார். ஊரிலும் அதை ‘ஊரி’ என்று சொல்பவர்கள் உண்டு. நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்தவர்கள் கேட்டோம் என்கிறார்கள். எது பாடுகிறது, எப்போது பாடுகிறது, பாலத்தில் பஸ் ஓடும்போது நிற்கிறதா என்று முதலில் இங்கே எழுதி வையுங்கள். பூமியில் பதில் இல்லாத கேள்வியை விண்வெளிக்கு அனுப்பினால் இரண்டு இடத்திலும் பதில் இராது.

அதே தோணிக்காரர்
● அப்போ மீன் எதுவுமே போகவில்லையா?

போயிற்று! விண்வெளிக்குப் போன முதல் மீனே நம்ம ஆள்தான். மம்மிசொக் என்று ஒரு சிறுமீன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உப்பும் நன்னீரும் கலக்கிற முகத்துவாரச் சேற்றில் வாழ்வது. அங்கே ஒரு மட்டக்களப்பு இருந்தால் அங்கத்தைய மீன் என்று வையுங்களேன். சிலந்திகள் போன அதே 1973 பயணத்தில் 2 குஞ்சு மீன்களும் 50 முட்டைகளும் போயின. இது மாணவர் யோசனை அல்ல. நமது கரியட் ஐயா ஆசைப்பட்டுச் சேர்த்தது.

மீன்கள் முதலில் தலைகீழாகச் சுற்றிச் சுற்றி நீந்தின. மறுகா மெல்ல மெல்லத் தெளிந்து, முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்து நேராக நீந்தின. முட்டையிலிருந்து அங்கேயே பொரித்த குஞ்சுகளுக்கு அந்தத் தடுமாற்றம் அதிகம் இல்லை. பிறந்த ஊர் எதுவோ அதுதான் அவற்றுக்கு வழக்கம். சிலந்தி பிடித்த அதே வெளிச்சக் கயிற்றை மீனும் பிடித்ததைக் கவனித்தீர்களா?

உயர்தர மாணவன், கல்லடி
● விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்று ரியூசனில் சொன்னார்கள். சரிதானே?

அந்த ரியூசன் காசைத் திருப்பிக் கேட்கலாம். நிலையம் இருப்பது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில். இங்கிருந்து கொழும்புக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் சுமார் 90 சதவீதம். பின் ஏன் மிதக்கிறார்கள்? அவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால், விழ விழப் பூமியும் வளைந்து விலகிவிடுகிறது. நிலையமும் விழுகிறது, வீரரும் விழுகிறார், சிலந்தியும் விழுகிறது. எல்லோரும் சேர்ந்து விழும்போது எடை தெரிவதில்லை.

நம்பாவிட்டால் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் அடியில் ஆணியால் துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்து பிடியுங்கள். நீர் பீச்சும். இப்போது போத்தலைக் கையிலிருந்து விடுங்கள். விழுகிற நேரம் முழுக்கத் துளையால் நீர் வராது. ஒன்றேகால் மீற்றர் உயரத்திலிருந்து விட்டால் உங்களுக்குக் கிடைப்பது அரை வினாடி விண்வெளி. கைபேசியில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால் தெளிவாகத் தெரியும். அம்மா நிலம் துடைக்குமுன் செய்யுங்கள், பிறகு வேண்டாம்.

கோழி வளர்ப்பவர், ஏறாவூர்
● முட்டை கொண்டுபோனார்களாமே? உடையவில்லையா?

உங்கள் தொழிற் கவலை நியாயம். ஜோன் வெலிங்கர் என்ற அமெரிக்கப் பொடியன் எட்டாம் தரத்தில் படிக்கும்போது கேட்ட கேள்வி: விண்வெளியில் முட்டைக்குள் குஞ்சு வளருமா? குலுக்கலையும் சூட்டையும் தாங்கும் அடைகாக்கும் பெட்டி செய்யப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? கென்டக்கி பொரித்த கோழிக் கம்பெனி. கோழிக்கு நல்லெண்ணம் எந்தப் பக்கத்திலிருந்து வருமென்று சொல்லமுடியாது.

முதற்தடவை அது ஏறிய சலஞ்சர் விண்வெளி ஓடம் 1986 ஜனவரி 28இல் 7 பேரோடு அழிந்தது. 3 வருடம் கழித்து, 1989 மார்ச்சில், டிஸ்கவரியில் 32 முட்டைகள் போயின. புறப்படும்போது 9 நாள் அடைகாத்தவை 16, 2 நாள் அடைகாத்தவை 16. முதல் வகையில் குஞ்சு பிழைத்தது. இரண்டாவது வகையில் ஒன்றும் தேறவில்லை. மஞ்சட்கரு வழக்கம்போல் மேலெழுந்து ஓட்டை அண்டாததே காரணமாக இருக்கலாம் என்றார்கள். முட்டையை இரண்டு வயதாகப் பிரித்த அந்த யோசனையைப் பாருங்கள். 32ஐயும் ஒரே வயதில் அனுப்பியிருந்தால் ‘வளரும்’ என்றோ ‘வளராது’ என்றோ ஒரு பொய்யான பதில் கிடைத்திருக்கும்.

முகம் காட்டாத வாசகர், காத்தான்குடி
● எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே சொல்கிறீர்கள். நம்ம பிள்ளைகள்?

கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டி. ரிஃபாத் ஷாரூக். 18 வயதில் நண்பர்களோடு செய்த கலாம்சாட்டின் எடை 64 கிராம். நம்ம வீட்டுக் கோழிமுட்டை ஒன்றின் பாரம். 4 சென்ரிமீற்றர் கனசதுரத்துக்குள் 64 கிராமுக்கு மேற்படாமல் ஒரு பரிசோதனையை அடக்கு என்பது அவர்கள் கலந்துகொண்ட மாணவர் போட்டியின் விதி. முப்பரிமாண அச்சில் வார்த்த கார்பன் இழைக் கூடு அந்தப் பயணத்தைத் தாங்குமா என்பதே அதன் முக்கிய கேள்வி. 2017 ஜூன் 22இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து நாசா ரொக்கெட்டில் போனது.

பத்திரிகைகள் ‘உலகின் மிகச் சிறிய செய்மதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டன. அது பூமியைச் சுற்றவில்லை. மேலே போய்ச் சில நிமிடம் மிதந்துவிட்டுத் திரும்பி விழுகிற வகை ரொக்கெட் அது. அதனால் பொடியனின் பெருமை ஒரு கிராமும் குறையாது. தலைப்பெழுத்தின் எடையைத்தான் குறைக்கவேண்டும். சுற்றியது அதன் தம்பி: 1.26 கிலோ கலாம்சாட் வி2, 2019 ஜனவரி 24இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. வேலை முடிந்த ரொக்கெட்டின் நாலாம் அடுக்கு சும்மா குப்பையாகச் சுற்றுகிறதே, அதையே வீடாக வைத்துக்கொண்டது. வாடகையில்லா வீடு.

ஆசிரியை, மட்டிக்களி
● பெண் பிள்ளைகள்?

75 அரச பாடசாலைகள், 750 மாணவிகள், ஒரே செய்மதி: ஆசாதிசாட். ஒருங்கிணைத்தது சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா, கலாம்சாட்டின் பின்னால் இருந்த அதே நிறுவனம். 2022 ஆகஸ்ட் 7இல் ஏறியது. 356 கிலோமீற்றர் வட்டப் பாதையில் விடவேண்டிய புதிய ரொக்கெட், ஒரு உணரிக் கோளாறால் ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 என்று நீள்வட்டத்தில் விட்டது. 76 கிலோமீற்றரில் காற்று பிடித்து இழுத்துவிடும். செய்மதி போயிற்று. 750 பிள்ளைகள் அழுதிருப்பார்கள். மறுகா என்ன? 2023 பெப்ரவரி 10இல் ஆசாதிசாட்-2, 8.7 கிலோ, சரியான பாதையில். ஆறு மாதத்தில் மறுபடி எழுதி ‘ஏ’ எடுத்த சோதனை.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், புளியந்தீவு
● இலங்கை என்ன செய்தது?

இராவணா-1. ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்த தரிந்து தயாரத்ன, துலானி சாமிக என்ற இரண்டு இலங்கை மாணவர்கள் செய்தது. 1.05 கிலோ, இரண்டு இறாத்தல் பாணைவிடக் கொஞ்சம் கூடிய கனம். 2019 ஏப்ரல் 17இல் வாலப்ஸிலிருந்து விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17இல் ஜப்பானியக் கூடத்தின் வாசலால் வெளியே விடப்பட்டது. கூடவே நேபாளத்தின் முதற்செய்மதியும் ஒரு ஜப்பானியச் செய்மதியும். மூன்று நாட்டுப் பிள்ளைகள் ஒரே மேசையில் செய்தவை.

அதே எழுதுவினைஞர்
● ஆனால் இராவணன் அதற்கு முன்பே புஷ்பக விமானத்தில் பறந்துவிட்டானே?

பயணக் குறிப்பேடு கிடைத்தால் அனுப்பி வையுங்கள். ஒப்பீட்டுக்கு இன்னொரு விமானமும் வேண்டும்.

தரம் 11 மாணவன், நாவலடி
● இவ்வளவும் ஓ.எல். சோதனைக்கு வருமா?

வராது. அதனால்தான் சுவையாக இருக்கிறது.

பக்தர், மாமாங்கம்
● ஆடி அமாவாசை அன்று எடுத்த மாமாங்கத் தீர்த்தத்தை ஒரு சின்னப் போத்தலில் விண்வெளிக்கு அனுப்பினால் என்ன தெரியும்?

புனிதத்தை அளக்கக் கருவி இல்லை. அது உங்களுக்கும் மாமாங்கேஸ்வரருக்கும் இடையிலான கணக்கு. பாசியை அளக்கலாம். அதே குளத்து நீரில் இரண்டு குழாய், ஒன்று மேலே, ஒன்று இங்கே, ஒரே வெப்பநிலை, ஒரே வெளிச்சம், ஒரே நாட்கணக்கு. பிறகு இரண்டிலும் எத்தனை நுண்ணுயிர் என்று எண்ணிப் பார்க்கலாம். விண்வெளிக்கு ஏறிய மாணவர் குழாய்கள் பலவற்றில் இருந்தது இப்படியான சங்கதிதான். தீர்த்தம் என்று எழுதினால் கோவில் விண்ணப்பம். ‘குளத்துப் பாசி ஈர்ப்புத் தெரியாமல் எப்படிப் பெருகும்?’ என்று எழுதினால் விஞ்ஞான விண்ணப்பம். தண்ணீர் ஒன்றுதான்.

கவலைப்படும் தந்தை, கொக்குவில்
● ரொக்கெட் வெடித்தால் பிள்ளையின் உழைப்பு போச்சே?

போகும். 2014 ஒக்டோபர் 28இல் வாலப்ஸில் அன்ராரிஸ் ரொக்கெட் கிளம்பிய சில வினாடிகளில் வெடித்தது. 18 மாணவர் பரிசோதனைகள் சாம்பல். பிள்ளைகள் அதேபோன்ற குழாய்களை மறுபடி நிரப்பினார்கள். 2015 ஜனவரியில் பெரும்பாலானவை ஏறிவிட்டன. செய்முறையை வரிவரியாக எழுதி வைத்திருந்தபடியால் மறுபடி செய்ய முடிந்தது. எழுதாமல் கைப்பக்குவத்தில் செய்திருந்தால் போனது போனதுதான்.

2003இன் கதை கனமானது. கல்பனா சாவ்லா பயணித்த கொலம்பியா ஓடத்தில் 6 நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளின் பரிசோதனைகள் இருந்தன: அவுஸ்திரேலியாவின் சிலந்திகள், சீனாவின் பட்டுப்புழுக்கள், ஜப்பானின் மீன்கள், லிச்டென்ஸ்டைனின் தச்சுத் தேனீக்கள், அமெரிக்காவின் எறும்புகள், இஸ்ரேலின் பளிங்குகள். பெப்ரவரி 1இல் 7 வீரர்களும் திரும்பவில்லை. படங்களில் பல முன்பே கீழே வந்துவிட்டன. அவற்றை எடுத்துத் தந்த மனிதர்கள் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் அந்த வயதில் கற்றது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

தோட்டக்காரர், வந்தாறுமூலை
● விண்வெளி விதையை நட்டால் பெரிய தக்காளி காய்க்குமா?

1984 ஏப்ரலில் 1 கோடி 25 இலட்சம் தக்காளி விதைகளைச் சுற்றுப்பாதையில் விட்டார்கள். ஒரு வருடத்துக்குள் இறக்குவதாக எண்ணம். ஓடங்களின் அட்டவணை குழம்பி, சலஞ்சரும் போய், 1990 ஜனவரியில்தான் இறங்கின. மறுகா அவற்றைப் பாடசாலைகளுக்குப் பங்கிட்டார்கள். இங்கேதான் கவனிக்கவேண்டும்: பிள்ளைகளுக்குக் கிடைத்தது இரண்டு பக்கெற். ஒன்று மேலே போன விதை, மற்றது பூமியிலேயே இருந்த விதை. இரண்டையும் அருகருகே நடு, பார், எழுது.

பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. பேய்த் தக்காளி காய்க்கவில்லை. ஏமாற்றமா? ‘வேறுபாடு இல்லை’ என்பதும் பதில்தான் ஐயா. ஆனால் அந்த இரண்டாம் பக்கெற் இல்லாமல் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. விண்வெளிப் பரிசோதனையில் பாதி எப்போதும் பூமியில்தான் நடக்கிறது. ரொக்கெட்டைப் படம் எடுக்கிற ஆட்கள் அந்தப் பாதியைப் படம் எடுப்பதில்லை.

இளைஞர், களுவாஞ்சிக்குடி
● வெளிநாடு போய் வந்தவர்கள் ஊர்ப் பழக்கத்தை மறக்கிறார்கள். விண்வெளி போய் வந்த சிலந்தியும் அப்படியா?

நெஃபெர்த்தித்தி என்று ஒரு குதிக்கும் சிலந்தி. எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த 18 வயது அம்ர் மொகமட் போட்டியில் வென்று 2012இல் அனுப்பிவைத்தது. இந்த இனம் வலை கட்டாது, பாய்ந்து பிடிக்கும். மிதக்கிற இடத்தில் பாய்ந்தால் எங்கே போய் முட்டுவது? விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் கவனித்தபோது அது பாய்ச்சலைக் குறைத்து, பக்கத்தில் ஊர்ந்துபோய் ஈயைப் பிடித்தது. சுமார் 100 நாள் இருந்து உயிரோடு திரும்பியது. ஊருக்கு வந்து மறுபடியும் பழகவேண்டியிருந்தது. உங்கள் வெளிநாட்டு மச்சானுக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள்.

தரம் 10 மாணவி, குருக்கள்மடம்
● ஆங்கிலம் தெரியாமல் தமிழில் விஞ்ஞானம் படித்துவிட்டு இதெல்லாம் செய்யலாமா?

விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். அதற்கு ஆங்கிலம் படியுங்கள், விலக்கில்லை. கேள்வி பிறக்க எந்த மொழியும் போதும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டம் பெற்று விஞ்ஞானம் கற்பித்தவர். பழந்தமிழ் யாழ் எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்டு, கணக்குப் போட்டுப் பதில் தேடி, 1947இல் யாழ் நூலைத் தந்தார். வாவிக்கரையில் கேட்கத் துணிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

பாடசாலை விஞ்ஞானக் கழகம், பெயர் வேண்டாம் என்றார்கள்
● ரொக்கெட்டும் காசும் இல்லை. அமிர்தகழியில் என்னகா செய்கிறது?

மணிக்கூடு இருக்கிறதா? பழைய சுவர் மணிக்கூட்டின் நிமிடமுள்ளில் ஈரப்பஞ்சும் முளைவிட்ட ஒரு பயறும் சுற்றிய சின்னப் பொட்டலத்தை ஒட்டுங்கள். முள் சுற்றச் சுற்ற விதைக்குக் ‘கீழ்’ எது என்று பிடிபடாது. அதேபோல் இன்னொரு பொட்டலத்தைச் சுவரில் அசையாமல் ஒட்டுங்கள். மூன்று நாளில் இரண்டு வேரையும் பக்கத்தில் வைத்து வரையுங்கள். சுவரில் இருந்தது கீழே இறங்கியிருக்கும். முள்ளில் இருந்தது என்ன செய்தது என்று நான் சொல்லமாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் மணிக்கூட்டுப் பொறியில் செடியைச் சுற்றவிட்டுப் பார்த்த வேலைதான் இது. விண்வெளி ரொக்கெட் வருமுன்பே ‘கீழ்’ பிடிபடாத நிலையைப் பற்றி யோசித்த மனுசன்.

அதே கழகம்
● உங்களுக்கு ஒரு ரொக்கெட்டில் இடம் கிடைத்தால் என்ன அனுப்புவீர்கள்?

வாவிக்கரைக் கண்டல் முளை ஒன்று. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, சேற்றில் விழுந்து சரிந்து கிடந்தாலும் வேரைக் கீழே வளைத்து ஊன்றி எழும்பிவிடுகிற பிள்ளை. கீழ் என்று ஒன்று இல்லாத இடத்தில் அது எந்தப் பக்கம் ஊன்றும்? இதுதான் என் கேள்வி.

சிக்கல் ஒன்று: முளை ஒரு முழத்துக்குக் கிட்ட நீளம். 4 சென்ரிமீற்றர் பெட்டிக்குள் மடங்காது. ஆகவே சின்ன விதை தருகிற வெண்கண்டலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்கவில்லை. அதன் சோடி விதை ஒன்றை நேற்றுப் பொழுதுபட வாவி ஓரத்தில் ஊன்றிவிட்டு வந்தேன். பரிசோதனையில் பாதி தொடங்கிவிட்டது. ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.